மானா பத்துனா லயம் ஏன் பத்துது?

இலங்கையில ஊவா மலைப் பக்கம் ஆடி மாசம் ஆச்சுன்னா ரெண்டும் ஒண்ணாத்தான் வரும், தேயிலைக்கு நல்ல விலையும் மலையில நெருப்பும். ரெண்டுக்கும் ஒரே காத்துதான் காரணம், நம்மாளுங்க கச்சான்னு சொல்ற காத்து. தென்மேற்குப் பருவக்காத்து கடல்ல இருந்து ஈரத்தோட வந்து கினிகத்தேனை, வட்டவளைப் பக்கட்டு மலையில முட்டி மேல ஏறும், ஏறும்போதே இருக்கிற மழையில பெரும்பங்கை அங்கேயே கொட்டிடும். அப்புறம் மலையைத் தாண்டி வெலிமடை, பண்டாரவளை, பதுளைன்னு இறங்கும்போது அதுகிட்ட பெருசா ஈரம் இல்லை. இறங்குற காத்து அமுங்கும், அமுங்குனா சூடாகும், ஆயிரம் மீட்டர் இறங்குனா கிட்டத்தட்ட 10 டிகிரி. ஆனா ஏறுறப்ப மழை பேஞ்சதால ஆயிரம் மீட்டருக்கு 5, 6 டிகிரிதான் குறைஞ்சிருக்கும், அதனால ஒரே உயரத்துல அங்கிட்டு குளிரும் இங்கிட்டு காயும். அந்தக் காஞ்ச காத்துதான் கொழுந்துக்கு ஊவா வாசத்தைக் குடுக்குது, அதேதான் லயத்துக் (தோட்டத்து வரிசை வீடு) கோடியில நிக்கிற மானாப்புல்லையும் வத்த வைக்குது. (ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் இது தை, மாசியில வரும், கதை ஒண்ணுதான்.)

மானாப்புல்லைக் கசக்கி மோந்து பாத்தா சித்தனல்லா (சிட்ரோனெல்லா) எண்ணெய் வாசம் வரும், அதோட நெருங்குன சொந்தம்தான் இது. எண்ணெய் இருக்கிறதாலதான் இப்படி எரியுதுன்னு நிறைய பேர் சொல்வாங்க, அதுவும் உதவும்தான், ஆனா முக்கியமான காரணம் அதோட மெல்லிசு. பென்சில் கனத்துக்கும் குறைஞ்ச காஞ்ச புல்லு, சுள்ளி எல்லாம் காத்துல இருக்கிற ஈரத்துக்கு ஏத்த மாதிரி ஒரு மணி நேரத்துலயே மாறிடும். விடியக்காலம் பனியில சொட்டச் சொட்ட இருக்கிற மானா வெயில் வந்து கொஞ்ச நேரத்துல மொறுமொறுன்னு ஆயிரும், அதனால "நேத்து ராத்திரி தூறல் போட்டுச்சே"ன்னு நினைச்சுக்கிட்டு மத்தியானம் குப்பைக்கு நெருப்பு வைக்கிறது பெரிய ஆபத்து. இன்னொரு கெட்ட விஷயம், மானா மேல எரிஞ்சாலும் அடித்தூர் சாகாது, மழை பட்டதும் பச்சையா முளைச்சிடும், ஆனா பக்கத்துல வளந்துகிட்டு இருந்த காட்டு மரக்கன்னு செத்துரும். ஒவ்வொரு நெருப்புக்கும் அப்புறம் காடு குறைஞ்சு மானா கூடுது, மானா கூடக்கூட அடுத்த நெருப்புக்கு வசதி.

இனி மலைச்சரிவு. சூடு மேல போகும், சரிவுல சுவாலை மேல் பக்கமாச் சாஞ்சு அடுத்து இருக்கிற புல்லைத் தொடுறதுக்கு முன்னாடியே அதைக் காயவச்சிடும். தீயணைப்புக்காரங்க கைக்கணக்கு ஒண்ணு வச்சிருக்காங்க, சரிவு 10 டிகிரி கூடக்கூட நெருப்போட வேகம் ரெண்டு மடங்கு ஆகும், அப்ப சமதரையோட ஒப்பிட்டா 20 டிகிரி சரிவுல நாலு மடங்கு, 30ல எட்டு. நம்ம மலையில 30 டிகிரி சரிவு ஒண்ணும் புதுசு இல்லை. 2018 மார்ச்ல தமிழ்நாட்டுல தேனிக்குப் பக்கத்துல குரங்கணி மலையில ட்ரெக்கிங் போனவங்க 20 பேருக்கு மேல செத்ததும் இப்படி ஒரு புல்லுச் சரிவுலதான். பகல்ல காத்தும் பெரும்பாலும் பள்ளத்தாக்குல இருந்து மேலதான் வீசும், ரெண்டும் சேந்துச்சுன்னா மேட்டுல நிக்கிற ஆளால ஓடித் தப்பவே முடியாது.

சரி, புல்லு எரியுது, வீடு எப்படிப் பத்துது? பெரிய சுவாலை வந்து வீட்டை விழுங்குதுன்னுதான் எல்லாரும் நினைக்கிறோம். அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி ஜாக் கோஹன், 1990கள் கடைசியில கனடாவோட வடமேற்குப் பக்கம் காட்டையே கொளுத்தி நடத்துன சோதனைகள்ல மரப்பலகைச் சுவரை நட்டு வச்சுப் பாத்தார், 10 மீட்டர்ல இருந்த சுவர் சிலது பத்துச்சு, 20 மீட்டர், 30 மீட்டர்ல இருந்தது பத்தலை. அதாவது தூரத்து நெருப்போட சூடு வீட்டை எரிக்கிறது குறைவு, பறந்து வர்ற தணல்தான் எரிக்குது. அந்தத் தணல் நம்ம லயத்துல எங்க போய் உக்காரும்? தகரத்துக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கிற சந்துல, இஸ்தோப்புல (முன் திண்ணை) அடுக்கி வச்ச மிலாறுல (தேயிலைச் சுள்ளி விறகு), மழைக்குக் கட்டுன பிளாஸ்டிக் ஷீட்டுல, கூரை மேல காத்துக்குப் பாரமாப் போட்ட பழைய டயர்ல.

அதுக்கு அப்புறம்தான் லயத்தோட தனிப் பிரச்சினை. பல லயங்கள்ல காம்பராவுக்கும் (ஒரு குடும்பம் இருக்கிற வீடு) காம்பராவுக்கும் நடுவுல இருக்கிற சுவர் முகடு வரைக்கும் போகாது, மேல ஒரே கூரைதான். ஒரு காம்பராவுல நெருப்புப் புடிச்சா சூடான புகை முதல்ல தகரத்துக்குக் கீழதான் தேங்கும், இடம் பத்தாதப்ப சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போகும், அங்க பரண்ல இருக்கிற விறகு, துணிமணி எல்லாம் சுவாலையே படாம சூடேறிக்கிட்டு இருக்கும். அந்தப் புகை 500, 600 டிகிரியைத் தொட்டுச்சுன்னா அந்த அறையில இருக்கிறது எல்லாம் ஒரே நேரத்துல பத்திக்கும். அப்ப நான் என் வீட்டை எவ்வளவு சுத்தமா வச்சிருந்தாலும் மூணாவது காம்பராக்காரர் கூரை இடுக்கை அடைக்கலைன்னா என் வீடும் போச்சு. அமெரிக்காவுல ஃபயர்வைஸ்னு ஒரு திட்டம் இருக்கு, 2002ல தொடங்குனது, அதுல தனி வீடா சேர முடியாது, குறைஞ்சது 8 வீடு ஒண்ணா சேந்து வரணும். நம்ம ஒத்தை லயத்துல பல இடத்துல அந்தக் கணக்கு ஒரு கூரைக்குக் கீழயே சரியாப் போயிரும்!

அதனால செய்ய வேண்டிய வேலை எல்லாம் கூட்டு வேலைதான். லயத்தைச் சுத்தி மானாவை வெட்டி, நெருப்பைத் தடுக்கிற வெறும் இடமா ஃபயர் பெல்ட் போடணும், புல்லோட உயரத்தை விட ரெண்டு மூணு மடங்காவது அகலம், சரிவுக்குக் கீழ் பக்கம் இன்னும் அகலமா. விறகை வீட்டோட ஒட்டாம தள்ளி அடுக்கணும், தகரத்து இடுக்கை மண்ணோ சிமெந்தோ வச்சு அடைக்கணும். நல்ல தேயிலை மலையே ஒரு ஃபயர் பெல்ட்தான், ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல கொழுந்து வேணும்னா இலையில எவ்வளவு தண்ணி இருக்குன்னு பாருங்க, அந்தத் தண்ணியைக் கொதிக்க வைக்கிற சூட்டைப் போல ஆறு மடங்குக்கு மேல செலவழிச்சாத்தான் அது ஆவியாகும். ஆனா கைவிட்டு காடாப் போன மலை இதுக்கு நேர்மாறு, செடிக்கு நடுவுல மானா ஏறி நெருப்புக்கு ரோடு போட்டுக் குடுக்குது, என்னைக் கேட்டா முதல்ல தோட்டக் கம்பனிகிட்ட சத்தம் போட வேண்டியது இதுக்குத்தான்.

நம்ம நாட்டுல இந்த நெருப்பு ஏறக்குறைய எல்லாமே மனுசன் வைக்கிறது. இடி மின்னல் பெரும்பாலும் சித்திரையிலயும் ஐப்பசியிலயும் மழையோட வரும், கச்சான் காலத்துல ரொம்பக் குறைவு. ஆளுங்க வைக்கிறது மாட்டுக்கு இளம்புல்லு வேணும்னு, பன்னி வேட்டைக்கு, காணி புடிக்க, சில நேரம் சும்மா வம்புக்கு. மரக்கறித் தோட்டத்துல திருடுறவனும் நெருப்பு வைக்கிறவனும் ஒரே விஷயத்தை நம்பித்தான் வர்றான், யாரும் பாக்க மாட்டாங்கன்னு. அதனால காவலும் நெருப்புப் பாதுகாப்பும் ரெண்டு வேலை இல்லை. பொலிஸோட சேந்த சிவில் பாதுகாப்புக் குழு இருக்கிற இடத்துல அதையே இதுக்கும் பயன்படுத்தலாம். பகல் முழுக்க இஸ்தோப்புல உக்காந்திருக்கிற பாட்டிமாரை குழுவுல சேக்காம விடுறதுதான் பெரிய முட்டாள்தனம், யாரு வந்தா, எந்தப் பக்கம் போனான்னு அவங்களுக்குத்தான் தெரியும். சந்தேகம்னா நேரத்தையும் பைக் நம்பரையும் எழுதி பொலிஸ் 119க்குச் சொல்லுங்க, ஆளைப் புடிச்சு அடிக்கிற வேலை வேணாம்.

சீக்கிரம் பாக்குறது ஏன் இவ்வளவு முக்கியம்னா, நெருப்பு ஒரே வேகத்துல எல்லாப் பக்கமும் பரவுனாலும் நேரம் ரெண்டு மடங்கானா எரியுற பரப்பு நாலு மடங்காகும். 5 நிமிஷத்துல பத்து பேர் பச்சைக் கொப்பு வச்சு அடிச்சு அணைக்கிறதை 20 நிமிஷத்துல 16 மடங்கு இடத்துல அணைக்கணும். டவுன்ல இருந்து வண்டி அந்த ரோட்டுல ஏறி வர அதுக்கு மேலயே ஆகும். தீயணைப்பு 110க்கு போன் அடிச்சிட்டு கோயில் ஸ்பீக்கர்ல சொல்லுங்க, வாட்ஸ்அப்பை மட்டும் நம்பாதீங்க, மலையில கொழுந்து எடுக்கிறவங்க கையில போன் இருக்காது. எல்லாரும் அணைக்க ஓடுனா லயம் காலியாக் கிடக்கும், அதனால நாலு பேர் இங்கயே நிக்கணும், விழுற தணலைப் பாக்கவும்தான், கள்ளனைப் பாக்கவும்தான். போறவங்க நெருப்புக்கு மேல் பக்கம் போகவே கூடாது, எரிஞ்சு முடிஞ்ச கருப்புப் பக்கத்துல கால வச்சு ஓரத்துல இருந்து அடிக்கணும்.

அணைஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் பைனஸ் மரத்து அடிக்கட்டை, காஞ்ச சாணி இதெல்லாம் உள்ளுக்குள்ள கனிஞ்சுக்கிட்டே இருக்கும், மறுநாள் காத்துல திரும்பக் கிளம்பும். புறங்கையைக் கிட்ட கொண்டு போய்ப் பாக்கணும், சூடு தெரிஞ்சா மண்வெட்டியால கிளறி பீலித் (மலையில இருந்து குழாய் வழியா விழுற) தண்ணியை ஊத்தணும், திரும்பவும் புறங்கை. இது ராத்திரி முழுக்க எடுக்கிற வேலை, ரெண்டு ரெண்டு பேரா மாறி மாறி நிக்கணும், நிக்கிற பொடியனுங்க தேத்தண்ணி கேப்பானுங்க, அதை எந்தக் காம்பரா போடுறதுன்னும் முதல்லயே பேசி வச்சிருங்க.