சொல் விளக்கம்: கண்காணிப்பா, நோக்கலா?

அங்கன்வாடிப் பணியாளரான என் தங்கை மகளைத் தக்கலையில் ஒரு பயிற்சி வகுப்புக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். மழை விடும்வரை இருங்கள் என்று எனக்கும் பின்வரிசையில் ஒரு நாற்காலி போட்டார்கள். போட்டிருக்கக் கூடாது. "வகுப்பறையில் குழந்தைகளின் பங்களிப்பைக் கண்காணித்துப் பதிவு செய்ய வேண்டும்" என்ற வாக்கியம் திரையில் வந்தது. பயிற்சியாளர் அதை வாசித்தார், விளக்கினார், மறுபடி வாசித்தார். "கண்காணிப்பு" என்ற சொல்லை 14 முறை வரை எண்ணினேன். அதற்குள் தேநீர் வந்துவிட்டது.

வாக்கியத்தில் சொல்ல வந்தது மிக எளிய காரியம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் விளையாட்டிலும் பாட்டிலும் கதையிலும் எப்படிச் சேர்ந்துகொள்கிறார்கள் என்பதைப் பார்த்து, பார்த்தபடியே எழுதிவைக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்குப் போய் இரண்டு தவறான சொற்கள்: ஆங்கிலத்தின் பார்ட்டிசிபேஷனுக்குப் பங்களிப்பு, அப்சர்வேஷனுக்குக் கண்காணிப்பு.

சிறிய தவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். பார்ட்டிசிபேஷன் என்பது லத்தீனில் 'பங்கு', 'எடுத்தல்' என்ற இரண்டும் சேர்ந்து பிறந்த சொல். அச்சில் வார்த்ததுபோல் தமிழில் பங்கெடுத்தல் இருக்கிறது, பங்கேற்பும் இருக்கிறது. களியக்காவிளைக்கு அப்பால் மலையாளத்திலும் பங்கெடுக்குக என்றுதான் சொல்கிறார்கள். பங்களிப்பு என்றால் கொடுப்பது. கோயில் திருப்பணிக்கு நீங்கள் தந்தது பங்களிப்பு. மூன்று வயதுப் பிள்ளை வகுப்புக்கு எதை அளிக்கும்?

இது வெறும் சொல் விளையாட்டு அல்ல. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் பிள்ளைகளின் விளையாட்டை நிமிடக் கணக்கில் பார்த்துக் குறித்த மில்ட்ரெட் பார்ட்டன், 1932இல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்பை ஆறு நிலைகளாகப் பிரித்தார். எதிலும் சேராமல் இருப்பது, தனியே விளையாடுவது, பிறர் விளையாட்டை வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் இருந்துகொண்டு தன் விளையாட்டைத் தான் விளையாடுவது, கலந்து விளையாடுவது, கூடித் திட்டமிட்டு விளையாடுவது. வேடிக்கை பார்க்கும் பிள்ளைக்கும் அந்த வரிசையில் இடம் இருக்கிறது. பங்களிப்பு என்று தலைப்பிட்ட ஏட்டில் அந்தப் பிள்ளைக்குச் சுழியம்தான் விழும்.

இனிப் பெரிய தவறு. கண்காணி என்பது பழைய சொல். சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்வை செய்தவன் கண்காணி. இலங்கைக்கும் மலேயாவுக்கும் தோட்ட வேலைக்கு ஆள் திரட்டிக் கொண்டுபோய், அங்கே அவர்களை வேலை வாங்கியவனும் கண்காணி. ஆங்கிலமே அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டது. "கண்காணி இல்லென்று கள்ளம் பலசெய்வார்" என்கிறது திருமந்திரம். அங்கே கண்காணி இறைவன்தான். ஆனாலும் அவனைக் கண்டவர்கள் ஒழிப்பது களவை. இந்தச் சொல் எந்தக் காலத்தில் எங்கே போய் நின்றாலும் பக்கத்தில் ஒரு திருட்டோ ஏய்ப்போ நிற்கிறது. இன்றைக்கும் காவல் கண்காணிப்பாளர், சிறைக் கண்காணிப்பாளர், நகைக்கடைக் கூரையில் கண்காணிப்புக் கேமரா. இந்தக் கூட்டத்தின் நடுவே, மூக்கு ஒழுகிக்கொண்டு கையில் சிரட்டையோடு நிற்கும் ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம்.

பயிற்சியாளரிடம் இதைச் சொன்னேன். நல்ல மனிதர், கோபிக்கவில்லை. "ஐயா, அப்சர்வேஷன் என்பதற்கு மூலத்திலேயே காவல் என்ற பொருள் உண்டே?" என்றார். உண்டு, லத்தீன் வேரில் காத்தல், பேணுதல் என்ற பொருள் இருப்பதை நான் மறுக்கவில்லை. அந்த வேர் அங்கே கிளைத்த விதம் வேறு, நம்முடைய சொல் இங்கே உழைத்துத் தேய்ந்த விதம் வேறு. அயல்மொழிச் சொல்லின் வேரைத் தோண்டி எடுத்து, அதற்கு நம் மொழியில் கிளை தேடுவதுதான் மொழிபெயர்ப்பாளர்களுடைய பெரிய வியாதி. மலையாளத்தில் ஆய்வாளர் செய்வதும் நிரீக்ஷணம், தெருமுனைக் கேமரா செய்வதும் நிரீக்ஷணம். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் சமாளிக்கிறார்கள். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் நாம் ஏன் ஒன்றை வீணடிக்க வேண்டும்?

மற்றொரு சொல் அவதானிப்பு. இலங்கைத் தமிழர் இதைத் தடையில்லாமல் ஆள்கிறார்கள், அவர்களிடம் எனக்கு வழக்கு இல்லை. நம் மாவட்டத்தில் அவதானம் என்றதும் நினைவுக்கு வருபவர் கோட்டாற்றை அடுத்த இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர். 1907இல் சென்னையில் நூறு காரியங்களை ஒரே நேரத்தில் கவனத்தில் நிறுத்திச் சதாவதானி என்று பெயர் வாங்கியவர். அவதானம் வடசொல், பொருள் கவனம். ஒரு கையால் சத்துமாவு கிண்டிக்கொண்டு, மறு கையால் ஒரு பிள்ளைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டு, வருகைப் பதிவேட்டையும் எழுதும் அங்கன்வாடிப் பணியாளரைச் சதாவதானி என்று சொல்வதில் எனக்குத் தடையில்லை. ஆனால் அந்தக் கவனம் பல திசையில் சிதறி நிற்பது. இங்கே கேட்பது ஒரு பிள்ளையின்மேல் பத்து நிமிடம் குவிந்து நிற்கும் பார்வை.

கூர்நோக்கு நல்ல சொல்லாகத்தான் இருந்தது. சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்களை வைத்திருக்கும் இல்லத்துக்குக் கூர்நோக்கு இல்லம் என்று பெயர் வைத்து அதையும் கெடுத்தாயிற்று.

மிஞ்சுவது உற்றுநோக்கல். கல்வியியல் பாடநூல்களில் ஏற்கெனவே ஊறிய சொல். உற்றுப் பார்த்தால் பிள்ளை மிரளாதா என்று சிலர் கேட்கிறார்கள். உறுதல் என்றால் நெருங்குதல், சேர்தல். உற்றார் என்று யாரைச் சொல்கிறோம்? முறைத்துப் பார்ப்பதற்கும் உற்று நோக்குவதற்கும் அந்த அளவு தூரம் இருக்கிறது. நீளம் என்று தோன்றினால் நோக்கல் என்றாலே போதும்.

எழுதிவைக்கும் பக்கத்துக்கு என்ன பெயர்? இங்கேதான் தமிழ் நமக்கு எதிர்பாராத வசதி செய்து தருகிறது. திருக்குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பு இரண்டு அதிகாரங்களுக்கு உண்டு, 71க்கும் 110க்கும். ஒன்றில் அரசன் மனத்தை அமைச்சன் அறிகிறான், மற்றொன்றில் காதலர் ஒருவர் மனத்தை ஒருவர் அறிகிறார். முதல் அதிகாரம் "கூறாமை நோக்கிக் குறிப்பறிவான்" என்று தொடங்குகிறது. வாய்திறந்து சொல்லாமலே, நோக்கி, உள்ளத்தில் இருப்பதை அறிகிறவன். சொல்லத் தெரியாத வயதுப் பிள்ளையோடு பழகுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான வரையறை எந்தப் பயிற்சிக் கையேட்டில் இருக்கிறது? குறிப்பு என்பது மனத்தின் அடையாளம். அதே குறிப்பு, தாளில் எழுதிவைப்பதும். பிள்ளை காட்டுவதும் குறிப்பு, பணியாளர் எழுதுவதும் குறிப்பு. ஆகவே நோக்குக் குறிப்பு. அது நிறைந்த புத்தகம் நோக்குக் குறிப்பேடு. கண்காணிப்புப் பதிவேட்டை ஏதாவது காவல் நிலையத்துக்குக் கொடுத்துவிடலாம்.

சொல் மாறினால் எழுத்தும் மாறுமா என்று கேட்பவர்களுக்காக: தங்கை மகளின் பழைய ஏட்டைப் புரட்டினேன். ஒரு பிள்ளையைப் பற்றி இப்படி இருந்தது: "பாடும்போது பாடுவதில்லை. ஈடுபாடு குறைவு. கவனிக்க வேண்டும்." இன்னொன்று, பக்கத்துப் பிள்ளையைக் கடித்தது. வேறொன்று, உறங்க மறுத்தது. பக்கம் பக்கமாகக் குற்றப்பத்திரிகை.

"வேறு என்ன எழுதுவது மாமா? கண்காணிக்கச் சொன்னால் யார் யாரை அடித்தார்கள் என்றுதானே எழுத முடியும்?"

அவளிடம் நான் கேட்டது ஒன்றுதான். நாளைக்கு அந்தப் பாடாத பிள்ளையைப் பத்து நிமிடம் பார். பார்த்ததை மட்டும் எழுது. 'குறைவு', 'இல்லை' என்ற சொற்கள் வேண்டாம். அடுத்த வாரம் வாசித்துக் காட்டினாள். "10.20. எல்லோரும் பாடுகிறார்கள். வாசல்படியில் நிற்கிறான். வாய் அசையவில்லை. வலது காலால் தாளம் போடுகிறான். பாட்டு முடிந்ததும் மணலுக்குப் போய்ச் சிரட்டையைக் கவிழ்த்து அதன்மேல் அதே தாளம் தட்டுகிறான். பக்கத்தில் இருந்த பிள்ளை இன்னொரு சிரட்டையை நீட்டியது. வாங்கிக்கொண்டான்."

இதில் கண்காணிப்பு எங்கே இருக்கிறது? பங்களிப்பு எங்கே இருக்கிறது?

இதைத் தமிழாக்கியவர்கள் பிள்ளைகளைப் பார்த்ததில்லை என்று சொல்ல மாட்டேன். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள். மேசையில் உட்கார்ந்ததும் அந்தப் பிள்ளைகளை மறந்து அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுகிறார்கள். பிறகு அதன் வாலில் "மேற்கொள்ளப்பட வேண்டும்" என்று ஒரு கயிறு. 'பாருங்கள்' என்றால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களா?

புதிய ஏட்டுக்கு நோக்குக் குறிப்பேடு என்று பெயர் எழுதச் சொன்னேன். மேலட்டையில் பழைய பெயர் அச்சாகியே வருகிறதாம். அடித்துத் திருத்தினால் மேலே இருந்து கேள்வி வரும் என்றாள். உள்பக்கத்தில், பென்சிலால், சின்னதாக எழுதி வைத்திருக்கிறாள்.