புளோஹோலுக்குத் தமிழ் ‘புரை’

வெல்டிங் பட்டறையில் ‘போராசிட்டி’ என்பார்கள். கோவை வார்ப்பாலைகளில் ‘புளோஹோல்’ என்ற பேச்சுதான் அதிகம். உருகிய உலோகத்தில் கரைந்தோ கலந்தோ இருந்த வளி (வாயு), உலோகம் உறைவதற்குள் வெளியேற முடியாமல் சிக்கிக்கொள்ளும்போது உண்டாகும் வெற்றிடத்துக்கு அந்தப் பெயர்கள். தமிழில் எழுதும்போது ‘நுண்துளை’ என்று போட்டுவிட்டுப் போகிறோம். அது சரியாகப் பொருந்தவில்லை. துளை என்றால் வாய் ஒன்று வேண்டும். வெளியிலிருந்து உள்ளே போக வழி வேண்டும். இந்தக் குறைக்குப் பெரும்பாலும் வாயே கிடையாது. எப்போதும் நுண்ணியதாகவும் இருப்பதில்லை: பம்பு உறை ஒன்றைக் கடைசல் பிடிக்கும்போது சுண்டுவிரல் நுனி நுழையும் குழி வெளிப்படுவது உண்டு.

இதற்கென்றே அமைந்ததுபோல் நம்மிடம் ‘புரை’ இருக்கிறது. உட்குழல், உட்பொள்ளல் என்பது அதன் ஒரு பொருள். சாப்பாடு வழிமாறி மூச்சுக்குழலுக்குள் போனால் புரையேறுகிறது. மேல்தோல் மூடியிருக்க, உள்ளே குழலாகக் குடைந்துகொண்டு போகும் புண் புரையோடிய புண். இன்னொரு பொருள் குற்றம். ‘புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்’ என்று 292ஆம் குறளில் வருவது அந்தப் பொருளில்தான். உயர்வு, ஒப்பு என்ற பொருள்களும் இச்சொல்லுக்கு உண்டு. அவை இங்கே வேண்டாம். உள்ளே பொள்ளல், அதுவே குற்றம் என்ற இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருப்பதால், தரச் சோதகருக்கு இதைவிட நல்ல சொல் கிடைக்காது.

ஒலி ஒப்புமை கண்டு ஏமாற வேண்டாம். ‘போராசிட்டி’யின் மூலம், வழி, கடவு என்று பொருள்படும் ‘போரோஸ்’ என்ற கிரேக்கச் சொல். லத்தீன் வழியாக ஆங்கிலம் போனது. புரையோடு அதற்கு உறவு காட்டச் சான்று இல்லை.

புரை எப்படி விழுகிறது? உருகிய அலுமினியம் ஹைட்ரஜனைத் தாராளமாகக் கரைத்துக்கொள்ளும். உறையும் கணத்தில் அதன் கொள்திறன் ஏறக்குறைய 20இல் ஒரு பங்காகச் சரிகிறது. மிச்ச ஹைட்ரஜன் எங்கே போகும்? குமிழாகி அங்கேயே நிற்கும். உருக்கு வெல்டிங்கிலும் கதை இதுதான். வளி வரும் வாசல்கள்தான் வேறு. துரு, எண்ணெய், பெயின்ட், ஈரம் ஆகிய நான்கும் சூட்டில் வளியை வெளிவிடும். துத்தநாகம் பூசிய தகட்டில் பூச்சைத் தேய்க்காமல் வெல்டிங் செய்தால், 907 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் துத்தநாகம் ஆவியாகி உருகிய உருக்குக்குள் புகும். 7018 என்ற வகை வெல்டிங் ராடை ஈரக்காற்றில் திறந்து வைத்தால் அதன் பூச்சு ஈரத்தை உறிஞ்சும். அதனால்தான் தயாரிப்பாளர் சொல்லும் சூட்டில், பொதுவாக 300 முதல் 350 டிகிரிக்குள், ஓரிரு மணி நேரம் மின்அடுப்பில் வாட்டி, பிறகு 100 டிகிரிக்கு மேல் சூடு குறையாத பெட்டியில் வைத்து எடுத்துக் கொடுக்கிறார்கள். ராடின் நுனிக்கும் உலோகத்துக்கும் இடையே எரியும் மின்வில்லான ஆர்க்கின் நீளத்தைக் கூட்டினாலும் காற்று உள்ளே புகும். காப்பு வாயுவைப் பாய்ச்சிக் காற்றைத் தடுக்கும் மிக் வெல்டிங்கில் நிமிடத்துக்கு 12 முதல் 18 லிட்டர் வாயு போதும். புரை விழுகிறதே என்று ரெகுலேட்டரை இன்னும் திருகுவது பலர் செய்யும் தவறு: ஓட்டம் மிஞ்சினால் வாயு சுழன்று, வெளிக்காற்றை இழுத்து உள்ளே விடும், புரை கூடும்.

வார்ப்பில் முதல் சந்தேகம் அச்சு மணலின் ஈரத்தின் மீதும், உட்குழிவு வருவதற்காக அச்சுக்குள் வைக்கும் கோரில் உள்ள பிசினின் மீதும், வளி வெளியேறும் வழியான வென்ட் போதாமையின் மீதும் விழ வேண்டும். ஆனால் வார்ப்பில் காணும் எல்லாக் குழியும் வளியால் வந்ததல்ல. உலோகம் உறையும்போது சுருங்குகிறது. அலுமினியம் சுமார் 6 விழுக்காடு. அந்த இடத்தை நிரப்ப, உருகிய உலோகத்தைத் தேக்கி வைக்கும் ரைசரிலிருந்து உலோகம் வராவிட்டால் அங்கே குழி. வெட்டிப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்: வளிக்குழி உருண்டை, உட்சுவர் வழவழப்பு, சுருக்கக்குழி கோணல்மாணல், சுவரில் கிளைகிளையாகப் படிகமுனைகள். முன்னதற்கு மருந்து உலர்ந்த மணலும் வென்ட்டும், பின்னதற்கு ரைசர். பெயரைக் குழப்பினால் மருந்தும் மாறிப்போகும் என்பதால் ‘வளிப்புரை’, ‘சுருக்கப்புரை’ என்று பிரித்தே எழுத வேண்டும்.

கண்டுபிடிப்பதற்கு வருவோம். மேலே வாய் திறந்த புரைக்கு, சாயத்தை ஊறவிட்டுப் பார்க்கும் டிபி டெஸ்ட் போதும். சுத்தம் செய்து, சிவப்புச் சாயம் அடித்து, 10 நிமிடமாவது ஊறவிட்டு, துணியால் துடைத்து, வெள்ளை டெவலப்பர் தூவினால் புரை வட்டப் பொட்டாகக் கசியும். விரிசல் கோடாகக் கசியும். துடைக்கும்போது கரைப்பானை நேரே பீச்சினால் குழிக்குள் இருக்கும் சாயமும் போய்விடும். கரைப்பான் நனைத்த துணியே முறை.

உள்ளே புதைந்ததற்கு ரேடியோகிராபி, அதாவது கதிர்ப்படம். புரை இருக்கும் இடத்தில் உலோகம் குறைவு, கதிர் அதிகம் கடக்கும், பிலிமில் கருவட்டம் விழும். பணியிடத்துக்கே போய்ப் படம் எடுக்க வழக்கமான கதிர்மூலம் இரிடியம் 192. அதன் அரை ஆயுள் சுமார் 74 நாள் என்பதால் வாரத்துக்கு வாரம் எக்ஸ்போஷர் நேரத்தைக் கூட்ட வேண்டிவரும். செவிக்கெட்டா ஒலியை அனுப்பும் அல்ட்ராசோனிக் சோதனையில் புரை சற்று நழுவும்: உருண்டைப் பரப்பு ஒலியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் எதிரொலி மெலிந்து வரும். ஆனால் ஒலியை அனுப்பி வாங்கும் ப்ரோபைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தால் அந்த எதிரொலி எந்தக் கோணத்திலும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்கும். உலோகம் இணையாமல் விட்ட தட்டையான குறையின் எதிரொலி கோணம் மாறினால் சட்டென்று விழுந்துவிடும். காந்தத் தூள் சோதனையைப் புதைந்த புரைக்கு நம்ப முடியாது.

வெல்டிங் குறைகளுக்கு எண் கொடுக்கும் ஐஎஸ்ஓ 6520 வரிசைக்கு இச்சொல் இயல்பாக நீள்கிறது: 2011 வளிப்புரை, 2013 புரைக்கொத்து, 2014 வரிசைப்புரை, 2016 புழுப்புரை, 202 சுருக்கப்புரை. உலோகத்தின் தன்மையைக் குறிக்கும்போது ‘புரைமை’. இவற்றில் வரிசைப்புரை தனிக் கவனம் கேட்பது. இணைப்பின் அடியில் முதலில் ஓட்டும் வேர்ப் பாஸில் புள்ளிகள் ஒரே கோட்டில் நின்றால் அங்கே உலோகம் முழுவதும் இணையாமலும் இருக்கலாம். எண்ணி அளந்து ஏற்றுக்கொள்வதற்கு முன் அதைச் சோதிக்க வேண்டும். தனிப்புரையை விதித்தொகுப்புகள் ஓரளவு வரை அனுமதிக்கும். விரிசலுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே அறிக்கையில் பெயர், இடம், விட்டம், எண்ணிக்கை நான்கையும் எழுத வேண்டும். வெறும் ‘குறை உள்ளது’ என்று எழுதினால், வெல்டர் கிரைண்டரை எங்கே வைப்பார்? புரையின் அடிவரை தோண்டாமல் மேலே இன்னொரு பாஸ் ஓட்டினால், அதே வளி புதிய பாஸிலும் ஏறி நிற்கும்.