டெயின்ட்ரியில் துண்டு ஏன் காயவில்லை?

மாலை நான்கு மணிக்குக் குளித்துவிட்டு, ஈரத் துண்டை அறைக்கு வெளியே தாழ்வாரக் கம்பியில் விரித்துப் போட்டேன். மறுநாள் காலை தொட்டுப் பார்த்தால், போட்டபடியே இருந்தது. இரவில் மழை பெய்யவில்லை. தாழ்வாரத்துக்கு மேலே அகலமான கூரையும் உண்டு. அதைவிட வியப்பு, நாற்காலி முதுகில் மாட்டியிருந்த சட்டை. ஒருமுறைகூட நனையாத அந்தப் பருத்திச் சட்டையும் கைக்குச் சில்லென்று ஈரம் தட்டியது. மூன்று நாட்கள் அங்கே தங்கினேன். அந்த மூன்று நாட்களும் இந்தத் துண்டைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். கடலோர மழைக்காடு எப்படி இயங்குகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு வேறெதுவும் சொல்லவில்லை.

இடம், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் டெயின்ட்ரி ஆற்றுக்கு வடக்கே. ஆற்றைக் கடக்கப் பாலம் கிடையாது. இரும்பு வடத்தைப் பற்றி இழுத்தபடி செல்லும் படகில் காரோடு ஏறி அக்கரை போக வேண்டும். மாநிலத்தின் மின்கம்பிகள் அந்த ஆற்றோடு நின்றுவிட, அக்கரை வீடுகள் சூரியத் தகடுகளையும் டீசல் ஜெனரேட்டர்களையும் நம்பி வாழப் பழகிக்கொண்டவை. கிழக்கு குக்கு யலஞ்சி மக்களின் பூர்வீக மண் இது. 2021இல் டெயின்ட்ரி தேசியப் பூங்காவின் உரிமை அவர்களிடமே திரும்பியது. காடு மலையிலிருந்து இறங்கி மணலைத் தொடும் வரை நிற்கிறது, அதற்கப்பால் பவளத்திட்டுகள். 1981இல் பவளத்திட்டும் 1988இல் இந்தக் காடும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அப்படிப்பட்ட இரண்டு இடங்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் கரை இது. நான் தங்கிய விடுதியில் இருந்தவை மூன்றே அறைகள். காலை உணவு தருவார்கள். அடுத்த வீட்டு விளக்கு கண்ணுக்குத் தெரியாது.

இனித் துண்டுக்கு வருவோம். துணி காய்வது என்றால் என்ன? ஈரத்திலிருந்து நீர் மூலக்கூறுகள் ஓயாமல் காற்றுக்குள் தாவிக்கொண்டே இருக்கின்றன. காற்றில் ஏற்கெனவே திரியும் நீராவி மூலக்கூறுகளும் ஓயாமல் துணியில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. போகிறவை அதிகமாக இருந்தால் துணி காயும். போவதும் வருவதும் சமமாகிவிட்டால், எத்தனை மணி நேரம் தொங்கினாலும் ஈரம் குறையாது. அந்தச் சமநிலையில் காற்று ‘நிறைந்துவிட்டது’ என்கிறோம். நிறையும் அளவு வெப்பத்தைப் பொறுத்தது. 29 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 29 கிராம் நீராவியோடு நிறையும். 24 டிகிரியில் 22 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே நிறைந்துவிடும்.

இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு கடற்கரையிலிருந்து விடுதிக்கு நடந்து வந்து பாருங்கள். ஏப்ரல் மாதப் பிற்பகல். மணலில் 29 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம். அதாவது ஒரு கன மீட்டரில் சுமார் 21.5 கிராம் நீராவி. அங்கே துணி நன்றாகவே காயும். அதே காற்று மரங்களுக்குள் நுழைகிறது. இலைக்கூரை வெயிலைத் தடுப்பதால் உள்ளே குளிர்ச்சி. பொழுது சாயும்போது 24 டிகிரி. காற்றில் ஒரு துளி நீரும் புதிதாகச் சேரவில்லை, ஆனால் 21.5 கிராம் என்பது இப்போது ஏறக்குறைய முழுக் கொள்ளளவு. ஈரப்பதம் நூறை நெருங்கிவிடுகிறது. கடற்கரையில் காய்ந்த துணி, சில நூறு அடி தள்ளிக் காட்டுக்குள் காயாமல் போவதற்கு இந்த ஐந்து டிகிரி போதும். காட்டின் தரையும் இலைகளும் தங்கள் பங்குக்கு விடும் ஈரம் மிச்சத்தையும் நிரப்பிவிடுகிறது.

அதே கடற்காற்று காட்டோடு நிற்காமல் மலை ஏறினால் என்ன ஆகும்? ஏறும் காற்று விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி. நாம் சொன்ன காற்று சுமார் 600 மீட்டர் உயரத்தை எட்டும்போது நிறைந்து மேகமாகிவிடும். விடுதிக்குப் பின்னால் எழும் தார்ன்டன் சிகரத்தின் உயரம் 1,374 மீட்டர். மூன்று நாட்களில் அதன் உச்சியை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்பதற்கு விளக்கம் இதுதான். மலையின் மேற்பாதி மேகத்துக்குள்ளேயே வாழ்கிறது. மழை பெய்யாத நாளிலும் அங்குள்ள மரங்கள் மேகத்தை இலையால் வடித்து நீரைச் சொட்டவிடுகின்றன.

சற்றுத் தெற்கே, 1,593 மீட்டர் உயரமுள்ள பெல்லண்டன் கெர் மலையில் இந்த வேலை உச்சத்தில் நடக்கிறது. அங்கே ஆண்டு சராசரி மழை 8,000 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 1979 ஜனவரி என்ற ஒரே மாதத்தில் 5,387 மில்லிமீட்டர் பெய்தது. மூன்று ஆள் உயரத்துக்கு நீர்! அந்த மலையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் அளவில் தள்ளி, மலைத்தொடரின் மறுபக்கத்தில் இருக்கிறது மரீபா என்ற ஊர். ஏறும்போது நீரை இறக்கிவிட்ட காற்று இறங்கும்போது சூடாகி வறள்வதால், அங்கே ஆண்டு மழை 900 மில்லிமீட்டர்தான்.

இரண்டாம் நாள் காலை உணவின்போது விடுதிக்காரப் பெண்மணியிடம் என் சட்டையைப் பற்றிச் சொன்னேன். பப்பாளியை நறுக்கிக்கொண்டே சிரித்தார். “தொங்கவிட்டால் காயாது. போட்டுக்கொள்ளுங்கள், காய்ந்துவிடும்” என்றார். ஈரம் தட்டிய சட்டையை உடுத்துவது அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் அரை மணி நேரத்தில் அது காய்ந்துவிட்டது.

அவர் சொன்ன யோசனைக்குள் இந்தக் காட்டின் இயற்பியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. காய்வதை முடிவு செய்வது காற்றின் சூடு மட்டும் அன்று. ஈரமான பரப்புக்கும் அதைச் சுற்றியுள்ள காற்றுக்கும் இடையே உள்ள வித்தியாசம். கம்பியில் தொங்கும் துண்டு காற்றின் சூட்டிலேயே இருப்பதால் வித்தியாசம் கிடையாது. நம் தோல் 33, 34 டிகிரியில் இருக்கிறது. அந்தச் சூட்டில் ஈரப் பரப்பை ஒட்டிய காற்று கன மீட்டருக்கு 37 கிராம் வரை நீராவியோடு நிறையும். சுற்றிலும் இருப்பதோ 22 கிராம். அந்த இடைவெளிக்குள் ஈரம் தப்பித்து ஓடுகிறது. நிறைந்த காற்றிலும் நம் வியர்வை ஓரளவு உலர்வது இதனால்தான். மின்விசிறி நமக்குச் சுகம் தருவதும், துண்டுக்கு ஒன்றும் செய்யாததும் இதனால்தான்: தோலைச் சுற்றித் தேங்கும் சூடான ஈரக்காற்றை விசிறி விலக்கி, அதைவிட வறண்ட காற்றைக் கொண்டுவருகிறது, துண்டுக்கு அது கொண்டுவரும் புதுக்காற்றும் பழைய காற்றைப் போலவே நிறைந்த காற்று.

மரங்களுக்கும் இதே பாடுதான். இலை தன் நுண்துளைகள் வழியே நீராவியை விட்டால்தான் வேரிலிருந்து நீர் மேலேறும். நீரோடுதான் மண்ணின் சத்தும் ஏறும். உச்சியில் வெயில் படும் இலைகள் காற்றைவிடச் சூடாகிவிடுவதால் அவற்றுக்குச் சிக்கல் இல்லை. உடுத்திய சட்டையைப் போல அவை விரைவாக நீரை விடுகின்றன. ஆனால் உச்சியில் விழும் ஒளியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் தரைக்கு வருகிறது. கீழே வளரும் செடிகள் என் துண்டைப் போல நிறைந்த காற்றில், நிழலில், சூடு வித்தியாசம் இல்லாமல் நிற்கின்றன.

அவை என்ன செய்கின்றன என்பதை விடியற்காலையில் பார்த்தேன். தாழ்வாரப் படியருகே சேம்பு இனத்தைச் சேர்ந்த பெரிய செடி ஒன்று. ஒவ்வொரு இலையும் முறம் அளவு. ஓர் இலையின் கூர்முனையில் கண்ணாடி மணி போல ஒரு நீர்த்துளி திரண்டு, தொங்கி, விழுந்தது. விரலால் முனையைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தேன். சிறிது நேரத்தில் அதே இடத்தில் அடுத்த துளி முளைத்தது. பனித்துளி என்றால் இலை முழுவதும் பரவலாக நின்றிருக்க வேண்டும். இது உள்ளிருந்து வருவது. இரவில் ஆவியாக விட முடியாத நீரை, வேர் தன் அழுத்தத்தால் மேலே தள்ளி, இலை விளிம்பில் உள்ள சிறு வாய்கள் வழியே நீராகவே வெளியேற்றிவிடுகிறது. எனக்கு அந்தச் செடியின் மீது பெரும் மதிப்பு வந்தது. ஆவியாக முடியாவிட்டால் சொட்டிவிடுவோம் என்று அது தன் காரியத்தைப் பார்த்துக்கொள்கிறது.

அந்தக் கூர்முனைக்கும் வேலை உண்டு. மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் இலைகள் நீண்டு கூர்ந்து முடிகின்றன. இலைமேல் நீர்ப்படலம் தங்கினால் பாசியும் பூஞ்சையும் குடியேறி ஒளியை மறைக்கும் என்பதால், நீர் விரைவில் வடிய இந்த முனை உதவுகிறது என்பது தாவரவியலாளர்களின் பரவலான விளக்கம்.

முதல் இரவு மழை பெய்கிறது என்று நினைத்துத்தான் தூங்கினேன். விழித்து வெளியே வந்தால், மரங்களுக்கு இடையே தெரிந்த சிறு வானத்தில் நட்சத்திரங்கள். சொட்டுச் சத்தம் மட்டும் எல்லாத் திசையிலும். தெளிந்த இரவில் உச்சி இலைகள் தங்கள் வெப்பத்தை வானத்துக்கு இழந்து காற்றைவிடக் குளிர்ந்துவிடுகின்றன. 24 டிகிரியில் நிறைந்த காற்று ஒரு டிகிரி குளிர்ந்தாலே கன மீட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் நீரை இறக்கிவைத்தாக வேண்டும். அது இலையில் படிந்து, சேர்ந்து, ஓர் இலையிலிருந்து அடுத்த இலைக்கு இறங்கி வருகிறது. ஜெனரேட்டர் நின்று விளக்குகள் அணைந்த பிறகு அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டு நின்ற நேரத்தை நான் மறக்க மாட்டேன்.

அறையில் ஒரு சிறு அறிவிப்பு ஒட்டியிருந்தது: துணி உலர்த்தும் இயந்திரம் இல்லை, மன்னிக்கவும். தலைமுடி உலர்த்தியும் கூடாது. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நனைந்த பெரிய துண்டில் அரை லிட்டர் நீர் இருக்கும். அதை ஆவியாக்க, எந்த வீண் செலவும் இல்லாமலேயே, ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு வேண்டும். நிஜ இயந்திரம் இன்னும் அதிகம் விழுங்கும். மேகம் சூழ்ந்த மலையடிவாரத்தில் சில சூரியத் தகடுகளை வைத்து மூன்று அறைகளுக்கு விளக்கும் குளிர்பதனப் பெட்டியும் ஓட்டுகிறவர்களிடம் அதைக் கேட்பது நியாயம் இல்லை. துணியை உலர்த்தக் கொளுத்தும் வெயில் வேண்டும். வெயில் குறைந்த இடத்தில்தான் துணியும் காயாது, மின்சாரமும் குறையும்.

மூன்றாம் நாள் துண்டில் வாடை ஏறிவிட்டது. காயாத துணியின் அந்தப் புளித்த நெடிக்குக் காரணமான முக்கியக் கிருமி மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டார்கள். சாதாரணச் சலவைக்குப் பிறகும் துணியில் தங்கி, ஈரம் கிடைத்ததும் பெருகக்கூடியது அது. காட்டின் தரையிலோ அதே ஈரம் வேறொரு மணத்தை எழுப்புகிறது. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிர்கள் வெளியிடும் ஜியோஸ்மின்தான் நாம் மண்வாசனை என்று சொல்வதில் பெரும்பங்கு. அதை மனித மூக்கு நம்ப முடியாத அளவு நுட்பமாக உணர்கிறது; லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே போதும். நமக்காக அவை மணம் விடுவதில்லை. வாலைத் தெறித்துத் தாவும் ஊசிமுனை அளவு மண்ணுயிர்கள் அந்த மணத்தைத் தேடி வருவதையும், வந்து உண்டுவிட்டு நுண்ணுயிரின் வித்துகளைச் சுமந்து பரப்புவதையும் 2020இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வறண்ட நிலத்தில் முதல் மழை எழுப்பும் மணத்துக்கு ‘பெட்ரிகோர்’ என்று பெயர் வைத்தவர்கள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள், ஆண்டு 1964. டெயின்ட்ரியில் அந்த முதல் மழை மணத்துக்கு இடமே இல்லை. அங்கே மண் காய்ந்தால்தானே!

கிளம்பும் நாள் காலை ஒன்பது மணி இருக்கும். பெட்டியைக் கட்டிவிட்டுத் துண்டை எடுக்க வந்தேன். இலைக்கூரையில் இருந்த ஓர் இடைவெளி வழியே வெயில் இறங்கி, தாழ்வாரக் கம்பியின் மேல் உள்ளங்கை அகலத்தில் விழுந்திருந்தது. துண்டை அந்த இடத்துக்கு நகர்த்தினேன். சிறிது நேரத்தில் வெளிச்சம் பட்ட பகுதி மட்டும் புகையத் தொடங்கியது. தொட்டேன், சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருந்தது. வெயில் கொடுத்த சூட்டில் கிளம்பிய நீராவி, ஓரங்குலம் தாண்டியதும் குளிர்ந்த, நிறைந்த காற்றில் இடமில்லாமல் மறுபடி நுண்துளிகளாகிக் கண்ணுக்குத் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். வெயில் பட்ட மரத்தண்டுகள், விழுந்து கிடந்த ஒரு கட்டை, தகரக் கூரையின் ஒரு மூலை, எல்லாவற்றிலிருந்தும் அதே வெண்புகை எழுந்து, கடற்காற்றின் போக்கில் மெல்லச் சாய்ந்து, தார்ன்டன் சிகரத்தின் பக்கம் ஏறிக்கொண்டிருந்தது.