பயோசென்சார்: உயிரை உணர்வதா, உயிரால் உணர்வதா?

நொதி (என்சைம்) போன்ற உயிர்ப்பொருளால் ஒன்றை இனங்கண்டு, அந்த வினையை மின்குறியாகவோ ஒளிக்குறியாகவோ மாற்றித் தரும் கருவியே பயோசென்சார்; அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே இங்கே கேள்வி. வீடுகளில் 'சுகர் மெஷின்' என்று வழங்கும் குளுக்கோமீட்டரை அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். கண்டிப்பாகப் பார்த்தால் அது பாதி உண்மைதான். குளுக்கோஸை இனங்காணும் நொதியும், அந்த வினையை மின்னோட்டமாக வாங்கித் தரும் மின்முனைகளும் இருப்பது ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடும் ஸ்ட்ரிப்பில்; மெஷின் அந்த மின்னோட்டத்தை அளந்து எண்ணாகக் காட்டுகிறது, அவ்வளவே.

'பயோ' என்பது உயிர், வாழ்வு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லான 'பியோஸ்' வழி வந்தது. 'சென்சார்' உணர்தலைக் குறிக்கும் லத்தீன் 'சென்டிரே'யிலிருந்து வந்தது. இக்கருவிக்கு முன்னோடி 1962இல் அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் முன்வைத்த அமைப்பு: ஆக்சிஜன் மின்முனைமேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதியைச் சவ்வால் அடைத்துவைத்தால், குளுக்கோஸின் அளவுக்கேற்ப ஆக்சிஜன் குறைவதை மின்முனை காட்டிக்கொடுக்கும். 1967இல் அதற்கு 'நொதி மின்முனை' என்ற பெயரும் கிடைத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அதே 1960களில் விண்வெளி வீரர்களின் மார்பில் ஒட்டி இதயத் துடிப்பைப் பதிந்த உணரிகளையும் ஆங்கிலத்தில் பயோசென்சார் என்றே அழைத்தார்கள். ஒன்று உயிருள்ள உடலை அளப்பது. மற்றது உயிரிகளிடமிருந்து பெற்ற பொருளைக்கொண்டு அளப்பது. வேதியியலார் பின்னர் வரையறுத்துக்கொண்டது இரண்டாவதைத்தான். கைக்கடிகார விளம்பரங்கள் இன்றும் முதற்பொருளை விடவில்லை.

இக்குழப்பம் தமிழிலும் தொடர்கிறது. 'சென்சார்' என்பதற்கு 'உணரி' நல்ல ஆக்கம். கடத்தி, வடிகட்டி என்பவற்றைப் போல வினையோடு இகர விகுதி சேர்ந்து கருவிப்பெயராகிறது. சிக்கல் முன்பாதியில். 'உயிர் உணரி' என்றால், இடிபாட்டுக்குள் உயிர் இருக்கிறதா என்று தேடும் கருவியோ என்று ஒருவர் கேட்டால் அவரைக் குறைசொல்ல முடியாது. அவர் அதை 'உயிரை உணர்வது' என்று இரண்டாம் வேற்றுமைத் தொகையாக விரிக்கிறார். 'உயிரி உணரி' என்றால் நுண்ணுயிரியைக் கண்டுபிடிப்பது போலாகிறது. 'உயிரியல் உணரி' ஒரு பாடத்தின் பெயரைக் கருவிக்குச் சூட்டுகிறது. 'தலைவணங்கினான்' என்பதைத் தலையால் வணங்கினான் என்று விரிப்பதுபோல், உயிர்ப்பொருளால் உணர்வது என்று மூன்றாம் வேற்றுமைத் தொகையாகக் கொண்டு 'உயிருணரி' என ஒரே சொல்லாக எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. உணர்வது உயிர்ப்பொருள்தான் என்பதற்குச் சான்று: பல ஸ்ட்ரிப்புகளில் இருக்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ், அஸ்பெர்ஜில்லஸ் நைகர் என்னும் பூஞ்சையிலிருந்து எடுக்கப்படுவது.

ஆய்வகத்துக்கு வெளியே, நோயாளியின் அருகிலேயே பயன்படும் வகைக்குக் 'கையடக்க உயிருணரி' என்பது போதும். ஆனால் கையடக்கமான சோதனை எல்லாவற்றுக்கும் அப்பெயர் பொருந்தாது. கருவுற்றதைக் காட்டும் பட்டையில் உயிர்ப்பொருளான எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உண்டு. அதன் வினையை மின்குறியாகவோ ஒளிக்குறியாகவோ மாற்றித் தரும் உறுப்பு இல்லை. கோட்டைப் பார்த்துச் சொல்வது நம் கண்தான். கண்டிப்பான வரையறைப்படி அது உயிருணரி ஆகாது. அதைச் சோதனைப் பட்டை என்றே சொல்லலாம்.