மிராமிச்சியில் சால்மன் பிடிக்க அனுமதிப்பத்திரம் மட்டும் போதாது

கோடை விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து நியூ பிரன்சுவிக் போய், மிராமிச்சி ஆற்றோர விடுதியில் தங்கி அட்லாண்டிக் சால்மன் பிடிக்கும் எண்ணமா? முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பிடித்த மீன் வீட்டுக்கு வராது. 63 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ நீளமுள்ள சால்மனை ஆற்றிலேயே விட வேண்டும் என்பது 1984 முதல் உள்ள விதி. மீன் வரத்து மேலும் குறையவே, 2015 முதல் ‘கிரில்ஸ்’ எனப்படும் சிறியவற்றுக்கும் அதே கதிதான். குழம்பு ஆசை இருந்தால் கடையில்தான் வாங்க வேண்டும்.

புழு, இறால் எதுவும் போட முடியாது. இறகும் மயிரும் நூலும் கொண்டு கட்டிய ‘ஃபிளை’ மட்டுமே. கொக்கியில் பின்னோக்கி நிற்கும் சிறு முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட வேண்டும். மீனைக் காயமில்லாமல் விடுவிக்கத்தான் இது.

அனுமதிப்பத்திரம் மாகாண அரசு தருவது, சால்மனுக்குத் தனி. ஒன்ராறியோ அட்டை அங்கே செல்லாது. கனேடியக் குடியுரிமை இருந்தாலும் வேறு மாகாணத்தில் வசிப்பவர் அங்கே வெளியாள்தான். வெளியாள் என்றால் சால்மன் ஆற்றில் உரிமம் பெற்ற வழிகாட்டியும் கூட இருக்க வேண்டும். விடுதிக் கட்டணத்தில் அவர் கூலி அடங்குமா என்று கேட்டுவிடுங்கள்.

சரி, அனுமதிப்பத்திரமும் வழிகாட்டியும் இருந்தால் எந்த இடத்திலும் இறங்கலாமா? முடியாது. கடல் ஏற்றம் எட்டாத மேற்பகுதியில் பல மடுக்கள் தனியாருக்குச் சொந்தம். மத்திய மீன்வள அமைச்சர் மிராமிச்சியின் ஒரு பகுதியில் மீன்பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டபோது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மீன்களைக் காக்க விதி போடலாம், கரை நில உரிமையாளரின் மீன்பிடி உரிமையை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது என்று 1882இல் தீர்ப்பானது. அரசு ஒதுக்கி வைத்துள்ள சில நீர்ப்பகுதிகளும் உண்டு. ஆனால் அவை குலுக்கலில் மாகாணவாசிகளுக்கே போகும். ஆகவே வெளியூர்க்காரர் விடுதிக்குக் கொடுக்கும் பணம் கட்டிலுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டுமல்ல, அந்த மடுவில் கால் வைக்கும் உரிமைக்கும்தான். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் சட்டம் அப்படித்தான்.

அப்புறம் வெயில். தண்ணீர் 20 பாகை செல்சியசுக்கு மேல் போனால் சால்மன் திணறும். ஓடைகள் வந்து கலக்கும் குளிர்ந்த மடுக்களில் கூட்டமாக ஒதுங்கும். அந்த நிலையில் தூண்டிலில் போராடிய மீனை விட்டாலும் அது செத்துப்போகலாம். அதனால் இரவிலும் தண்ணீர் ஆறாத நாட்கள் தொடர்ந்தால், மத்திய மீன்வளத் துறை அந்த மடுக்களை மூடிவிடும், அல்லது காலை வேளைக்கு மட்டும் அனுமதிக்கும். இது பெரும்பாலும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில்தான் வரும். அதாவது நம் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில். மூடினால் பணம் திரும்புமா, வேறு திகதி தருவார்களா என்பதை முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.