‘சரி சாரே’ என்ற சொல்லுக்குப் பின்னால்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உளவியலாளரைத் தேடி வருபவர் முதல் நாளே உறவைப் பற்றிப் பேசுவது அரிது. தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது என்பார். ஈசிஜி எடுத்து, இதயத்தில் கோளாறில்லை என்று கேட்ட பிறகும் படபடப்பு நின்றிருக்காது. உறவை மையமாக வைக்கும் சிகிச்சை அங்கே ஒரு கேள்வி கேட்கிறது: அது யாரோடு பேசிய பிறகு வருகிறது?

நம்மைக் கவனித்துக்கொண்டவர்கள் நம் அழுகைக்கு எப்படித் திரும்பினார்கள் என்பதிலிருந்து, மனிதர்களிடம் எதை எதிர்பார்க்கலாம் என்று பிள்ளைப் பருவத்திலேயே ஒரு கணக்கு மனதில் விழுகிறது. ஜான் பௌல்பியின் பற்றுக் கோட்பாடு சொல்வது இது. வளர்ந்த பிறகும் அந்தக் கணக்கைத்தான் கணவனிடமும் மேலாளரிடமும் போட்டுப் பார்க்கிறோம்.

கணக்கைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. வாரம் ஒருமுறை, 50 நிமிடம். முதல் சில அமர்வுகளில் ‘மாமியார் எப்படி?’ என்று பொதுவாகக் கேட்டால் பயனில்லை. ஒரு நாள், ஒரு சம்பவம், யார் என்ன சொன்னார் என்று கேட்க வேண்டும். உளவியலாளர் லெஸ்டர் லுபோர்ஸ்கி 1970-களில் வகுத்த முறையில் ஒவ்வொரு சம்பவத்துக்கும் மூன்று கேள்விகள். நீங்கள் விரும்பியது என்ன? எதிராளி எப்படி நடந்தார்? அதன்பின் உங்களுக்குள் என்ன ஆனது, நீங்கள் என்ன செய்தீர்கள்? இப்படிப் பத்துச் சம்பவங்கள் சேர்ந்தால் போதும்.

குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு பெண் வருகிறார், கணவர் மஸ்கட்டில் என்று வைத்துக்கொள்வோம். ‘நீ எப்படி இருக்க?’ என்று அவர் கேட்க வேண்டும் என்பது விருப்பம். ‘ஒனக்கென்ன, சுகமாத்தானே இருக்க’ என்பது பதில். இரண்டு நாள் போனை எடுக்காமல் இருப்பது இவர் செய்வது. அக்காவிடமும், வேலை செய்யும் கடையிலும் இதே மூன்றும் இதே வரிசையில் வரும். ஆறேழு சம்பவத்திலேயே திரும்பத் திரும்ப விழும் இந்த அச்சு தெரிந்துவிடும்.

தெரிந்துவிட்டால் மட்டும் மாறுவதில்லை. மாற்றத்துக்கான இடம் சிகிச்சை அறைக்குள் அதே அச்சு விழும் நேரம். அந்தப் பெண் பேசும்போது உளவியலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அடுத்த வாரம் அந்தப் பெண் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்து, “மழை சாரே” என்கிறார்.

சிகிச்சை உறவில் விழும் இதை விரிசல் என்போம். உளவியலாளர்கள் ஜெரெமி சாஃப்ரனும் கிறிஸ்டஃபர் முரானும் இதில் இரண்டு வகை பிரித்தார்கள்: ஒதுங்குவது, எதிர்ப்பது. படித்தவருக்கு மரியாதை கொடுத்தே பழகிய நம் ஊரில் முதல் வகையைத்தான் கூடுதல் கவனத்தோடு தேட வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஒற்றைச் சொல் பதில், திடீரென்று பிள்ளையின் பரீட்சைக்குத் தாவுவது, அளவுக்கு மீறிய பாராட்டு, எதற்கும் ‘சரி சாரே’. ஒத்துழைப்பு என்று இதை எடுத்துக்கொண்டால் சிகிச்சை சத்தமில்லாமல் நின்றுவிடும்.

ஒட்டவைப்பதற்கு வரிசை முக்கியம். முதலில் நடந்ததை உளவியலாளரே சொல்ல வேண்டும்: “அண்ணைக்கு நீங்க பேசும்போது நான் கடிகாரத்தைப் பாத்தேன். அது உங்களுக்கு எப்படி இருந்தது?” பதில் “ஒண்ணும் இல்ல சாரே” என்றுதான் வரும். இங்கே அவசரப்படக் கூடாது, தன் பங்கைச் சாக்குச் சொல்லாமல் ஏற்க வேண்டும்: “என் கவனம் போச்சு. அது என் தப்பு.” கொஞ்ச நேரம் கழித்து, “நான் பேசுறது சல்லியமா (தொந்தரவாக) இருக்கும்னு நினைச்சேன்” என்று வந்தால், அதைக் கேட்டபடி அங்கேயே இருக்க வேண்டும். மஸ்கட்டோடு முடிச்சுப் போடுவது கடைசி வேலை. ‘வீட்டுக்காரரிடமும் இப்படித்தானே’ என்று முதலிலேயே சொன்னால், தன் மேல் பழி விழுந்ததாகவே அவர் கேட்பார், விரிசல் பெரிதாகும்.

இது ஏன் வேலை செய்கிறது? மனக்குறையைச் சொன்னால் உறவு அறும் என்பது பழைய கணக்கு. சொன்னார், அறவில்லை. குழந்தை உளவியல் ஆய்வாளர் எட்வர்ட் டிரானிக்கின் குழுவினர் தாயும் கைக்குழந்தையும் விளையாடுவதைக் கவனித்தபோது, நல்ல உறவிலும் பெரும்பகுதி நேரம் இருவரும் ஒத்துப்போவதில்லை என்று கண்டார்கள். பிசகியதும் திரும்பச் சேர்வதில்தான் குழந்தை நம்பிக்கையைக் கற்கிறது. சிகிச்சை உறவின் வலுவையும் பலனையும் ஒப்பிட்ட 295 ஆய்வுகளை, சுமார் 30,000 பேரின் தரவுகளை, 2018-இல் சேர்த்துப் பார்த்தபோது, இரண்டும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று காட்டும் ஒட்டுறவு எண் (முழுப் பொருத்தம் என்றால் 1) 0.28 அளவில் வந்தது. மிதமான எண்தான், ஆனால் எந்தச் சிகிச்சை முறையை எடுத்தாலும் ஏறத்தாழ அப்படியே வருகிறது.

உளவியலாளர் உறவுக்காரராகிவிடுவதும் உண்டு. கணவருக்குப் போன் போட்டுப் பஞ்சாயத்துப் பேசினால் அவரும் இன்னொரு மாமாதான். சின்ன ஊரில் உளவியலாளரும் சிகிச்சைக்கு வருபவரும் ஒரே கல்யாண வீட்டில் எதிர்ப்படுவார்கள். ‘நீங்கள் பேசினால் மட்டும் நான் பேசுவேன்’ என்று முதல் அமர்விலேயே சொல்லிவிடுவது நல்லது. ரகசியம் காக்கப்படுவது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை; உயிருக்கு ஆபத்து போன்ற விலக்குகளையும் அப்போதே விளக்க வேண்டும்.

வீட்டில் அடி விழுகிறதென்றால் பாதுகாப்பு முதலில். அச்சுத் தேடுவதெல்லாம் பிறகு. தற்கொலை எண்ணம் இருந்தால் மனநல மருத்துவரை உடனே பார்க்க வேண்டும். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

முடிவுக்கும் தேதி வேண்டும். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவரோ, ஆழ்கடலுக்குப் போகும் தூத்தூர் பக்கத்து மீனவரோ என்றால் அந்தத் தேதி முதல் நாளே தெரியும். கடைசி மூன்று, நான்கு அமர்வுகள் பிரிவைப் பற்றியே பேசுவதற்கு. சொல்லாமல் கிளம்பியே பழகியவர் கடைசி அமர்வுக்கு வராமல் இருக்கப் பார்ப்பார். அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லி, அன்றைக்கு வந்து சொல்லிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்ள வேண்டும்.