வைரஸ் பிடித்துக்கொள்ளும் சர்க்கரை

"டாக்டர், எனக்குச் சுகர் இருக்கறதாலதான் இந்த வைரஸ் வந்து ஒட்டிக்கிச்சா?"

ஐப்பசி மழையில் நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு வந்த அம்மா கேட்டார். வயது அறுபதைத் தாண்டியவர். நாலு நாளாகக் காய்ச்சல், வறட்டு இருமல், உடம்பை அடித்துப் போட்ட மாதிரி வலி. கையிலிருந்த பையில், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய அசித்ரோமைசின் அட்டை. இரண்டு மாத்திரை தீர்ந்திருந்தது. 'செல்லில் இருக்கும் சர்க்கரையைப் பிடித்துத்தான் வைரஸ் உள்ளே நுழைகிறது' என்று பேரன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினானாம்.

பேரன் காட்டியது சரிதான். அம்மா நினைத்ததுதான் வேறு சர்க்கரை.

நம் செல்களின் மேற்புறம் மழமழவென்று இருக்காது. அங்குள்ள புரதங்களிலும் கொழுப்புகளிலும் சர்க்கரைச் சங்கிலிகள் கிளைகிளையாக முளைத்து நிற்கும். மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாயில் அந்தச் சங்கிலிகள் பலவற்றின் நுனியில் இருப்பது சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை. உடம்பு தானே செய்துகொள்வது. ஜிலேபி தின்றால் அதிகமாகாது, சுகர் மாத்திரை போட்டால் குறையாது, குளுக்கோமீட்டரிலும் தெரியாது. சர்க்கரை நோயே இல்லாத பச்சைக் குழந்தைக்கும் உண்டு.

ஃப்ளூ காய்ச்சலைக் கொண்டுவரும் இன்ஃப்ளுயன்ஸா வைரஸின் மேலே சில நூறு முட்கள் உண்டு. பெரும்பாலானவை ஹீமக்ளூட்டினின் என்ற புரதம். ஒவ்வொரு முள்ளின் தலையிலும் இருக்கும் சிறு குழிகளில் சியாலிக் அமிலம் போய் உட்காரும். ஒரு பிடியை மட்டும் எடுத்துக்கொண்டால் மிகவும் பலவீனமானது. ஆனால் நாயுருவிச் செடியை உரசிக்கொண்டு நடந்தால் வேட்டி என்ன ஆகிறது? அதே கதைதான். பல பிடிகள் சேர்ந்தால் வைரஸ் அசையாது. ஒட்டிய வைரஸைச் செல் தானே விழுங்கிக்கொள்ளும்.

இதைக் கண்ணால் பார்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நுண்ணுயிரியல் படித்த காலம். சின்னச் சின்னக் குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் வைரஸ் திரவத்தை விட்டு, கோழியின் சிவப்பணுக்களைச் சேர்க்க வேண்டும். வைரஸ் இல்லாத குழியில் அணுக்கள் அடியில் இறங்கிக் குங்குமப் பொட்டு மாதிரி நிற்கும். வைரஸ் இருந்தால் அது அணுக்களை ஒன்றோடொன்று கோத்துவிடும். பொட்டு விழாது, குழி முழுக்க இளஞ்சிவப்பாகப் படர்ந்திருக்கும். தட்டை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், படர்ந்திருந்த குழிகளிலும் பொட்டு! பரிசோதனையைக் கெடுத்துவிட்டேன் என்று பயந்தே போனேன். நேரத்தோடு பார்க்காதது என் தப்புதான். ஆனால் நடந்தது வைரஸின் இயல்பு.

கோழி முட்டைக்குள் வளரும் குஞ்சின் ரத்தம் வைரஸ் திரவத்தில் கலந்தபோது அணுக்கள் திரள்வதை நியூயார்க்கில் ஜார்ஜ் ஹிர்ஸ்ட் என்ற ஆய்வாளர் 1941இல் கவனித்தார். பிறகு இன்னொன்றையும் கண்டார்: கொஞ்ச நேரத்தில் வைரஸ் அணுக்களை விட்டுவிடுகிறது. விட்ட அணுக்களோடு புது வைரஸைச் சேர்த்தாலும் அவை திரள்வதில்லை. பிடித்துக்கொள்ள ஏதுவாக இருந்த எதையோ வைரஸே வெட்டி எடுத்துவிட்டது. அந்த 'ஏதோ' சியாலிக் அமிலம். வெட்டும் கத்தரி, வைரஸின் இன்னொரு புரதமான நியூராமினிடேஸ். எச்1என்1, எச்5என்1 என்று படிக்கிறோமே, அதில் 'எச்' பிடிக்கும் புரதம், 'என்' வெட்டும் கத்தரி.

கத்தரி எதற்கு? செல்லுக்குள் பெருகி வெளிவரும் புது வைரஸ்கள் அதே சர்க்கரையில் மாட்டி அங்கேயே நின்றுவிடக் கூடாதே. போதாததற்கு நம் சளியிலும் சியாலிக் அமிலம் ஏராளம். வைரஸுக்கு அதுவும் ஒரு பொறி. வெட்டிக்கொண்டுதான் நகர வேண்டும்.

ஃப்ளூவுக்குக் கொடுக்கும் ஓசல்டமிவிர் மாத்திரை அந்தக் கத்தரியின் வாயில் போய் அடைத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. செல்லுக்குள் ஏற்கெனவே புகுந்ததை வெளியேற்றாது, புது வைரஸ் பரவுவதைத்தான் மட்டுப்படுத்தும். அதனால்தான் காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கச் சொல்கிறோம். அப்போதும் ஆரோக்கியமானவருக்குக் காய்ச்சல் நாட்கள் ஏறத்தாழ ஒன்றுதான் குறையும், அற்புதமெல்லாம் இல்லை. ஆனால் சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு ஃப்ளூ நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். அவர்கள் தாமதமாக வந்தாலும் தருகிறோம். அந்த அம்மாவுக்கும் நாலாம் நாளில்தான் தொடங்கினேன். சர்க்கரை நோயால் வைரஸ் ஒட்டவில்லை. ஒட்டிய பின் சமாளிக்கும் தெம்பை அது குறைக்கிறது என்றேன்.

அசித்ரோமைசினுக்கு இந்தக் கத்தரி இருப்பதே தெரியாது. அது பாக்டீரியாவுக்கான மருந்து.

அன்னாசிப்பூக் கஷாயம் குடித்தால் ஃப்ளூ போகும் என்றும் ஒருவர் வாட்ஸ்அப் காட்டினார். பிரியாணிக்குப் போடும் அதே பூதான். அதிலிருந்து எடுக்கும் ஷிகிமிக் அமிலத்தில்தான் ஓசல்டமிவிர் தயாரிப்பு தொடங்குகிறது என்பது உண்மை. ஆனால் பல வேதிப் படிகளைத் தாண்டினால்தான் அது மருந்து. பருத்திச் செடியை இடுப்பில் சுற்றிக்கொண்டால் வேட்டியாகிவிடுமா?

மழைக்காலக் காய்ச்சல் எல்லாமே ஃப்ளூவும் அல்ல. டெங்குவுக்கும் கோவிட்டுக்கும் ஓசல்டமிவிர் வேலை செய்யாது. டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மேலே சொன்ன பட்டியலில் இருப்பவர்கள் ஃப்ளூ தடுப்பூசியை ஆண்டுதோறும், முடிந்தால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

என் கிளினிக்கில் முதலில் கேட்பது, "காய்ச்சல் எப்ப ஆரம்பிச்சுது?" என்றுதான். "முந்தாநாளா, அதுக்கு முந்தினநாளா..." என்று ஆளுக்கொரு பதில் வரும். உடம்பு சூடு கண்ட அன்றே நாள்காட்டித் தாளின் ஓரத்தில் நேரத்தைக் குறித்துக் கிழித்து எடுத்து வாருங்கள்.